கார் டீட்டெயிலிங் கடை: என்ன வேலை வைப்பது, என்ன விலை போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஊருக்குச் சற்று வெளியே, இரண்டு கார் நிற்கும் அளவுக்கு ஒரு ஷெட் போட்டு டீட்டெயிலிங் கடை நடத்துகிறேன். காரை உள்ளும் புறமும் நுணுக்கமாகச் சுத்தம் செய்து, பாலிஷ், கோட்டிங் போடும் வேலை. நானும் இரண்டு பையன்களும். புதிதாகக் கடை போடுகிறவர்கள் பெரும்பாலும் "என்ன மெஷின் வாங்கலாம்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். கடை திறந்து மூன்றாவது மாதம் அவர்களே மறுபடி வந்து "விலை என்ன போடுறதுங்கண்ணா" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்கள் இவை. இங்குள்ள ரூபாய்க் கணக்கெல்லாம் சின்னக் கடை அளவுக்குப் போட்டது. உங்கள் வாடகையையும் சம்பளத்தையும் வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பக்கத்துக் கடை போர்டைப் பார்த்து 50 ரூபாய் குறைத்துப் போட்டால் போதாதா?

போதாது. பக்கத்துக் கடைக்காரருக்கு இடம் சொந்தமாக இருக்கலாம், போர்வெல் அவருடையதாக இருக்கலாம், மச்சினனே வேலை செய்யலாம். அவர் 350 ரூபாய்க்குக் கார் கழுவினால் அவருக்கு அதில் நூறு ரூபாய் நிற்கும். அதே விலைக்கு நீங்கள் கழுவினால் ஒவ்வொரு காருக்கும் கையிலிருந்து போடுவீர்கள். இன்னொன்றும் உண்டு. அவரும் உங்களைப் போலவே வேறொருவர் போர்டைப் பார்த்துத்தான் போட்டிருப்பார். கணக்குப் போடாத ஒருவரை இன்னொருவர் பார்த்து எழுதி, தெருவே நஷ்டத்தில் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் ஒரு மணி நேரத்தின் விலையிலிருந்து. நாம் விற்பது ஷாம்பூவையோ கோட்டிங்கையோ அல்ல, ஆள் நேரத்தை. அதைக் கண்டுபிடிக்க ஒரு மாதச் செலவை எழுதுங்கள்.

வாடகை 22,000. இரண்டு பேர் சம்பளம் 18,000, 15,000. கரண்ட் 5,000. தண்ணீர், உப்புத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னருக்கு உப்பு எல்லாம் சேர்த்து 3,000. மெஷின் வாங்கிய கடனுக்குத் தவணை 8,500. டீ, போன், ரிப்பேர், விளம்பரம் 3,500. உங்கள் சம்பளம் 30,000. மொத்தம் 1,05,000.

உங்கள் சம்பளத்தை எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். "மிஞ்சுவது நமக்குத்தானே" என்பார்கள். மிஞ்சாத மாதத்தில் வீட்டுக்கு என்ன கொண்டுபோவது? கடையில் நீங்களும் ஒரு வேலையாள். முதலில் அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள்.

அடுத்தது நேரம். பையன்கள் இரண்டு பேர் மட்டும், 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 416 மணி நேரம். இதில் முழுவதும் கார் மேல் கை இருக்காது. செவ்வாய்க்கிழமை மதியம் ஈ ஓட்டுவோம். கஸ்டமர் பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லிப் பன்னிரண்டரைக்கு வருவார். கரண்ட் போகும். துணி துவைக்க வேண்டும், பக்கெட் கழுவ வேண்டும். நான் நூற்றுக்கு அறுபதுதான் காசாகும் என்று வைத்துக்கொள்வேன். அப்படியானால் 250 மணி நேரம்.

1,05,000-ஐ 250-ஆல் வகுத்தால் 420. ஒரு ஆள் ஒரு மணி நேரம் ஒரு காரில் நின்றால், லாபமில்லாமல், பொருள் செலவில்லாமல், உங்களுக்கு ஆகும் அடக்கம் அதுதான். இந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். கஸ்டமர் கண்ணில் படாத சுவரில்.

ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மணி நேரம் ஆகும் என்று எப்படித் தெரியும்?

உத்தேசமாகச் சொன்னால் தப்பாகத்தான் சொல்வோம். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பத்து காருக்கு அளந்து பாருங்கள்.

முதல்முறை ஓர் இன்னோவாவை அளந்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "உள்ளே வாக்குவம், முக்கால் மணி நேரம்" என்றுதான் நினைத்திருந்தேன். குடும்பத்தோடு ராமேஸ்வரம் போய்வந்த வண்டி. மூன்றாவது வரிசை சீட்டின் தண்டவாளத்துக்குள் கடற்கரை மணல், அதோடு முறுக்குத் தூள், கடலைத் தோல். வாக்குவம் நாசில் அந்த இடுக்குக்குள் நுழையாது. பெயிண்ட் பிரஷ்ஷால் கிளறி, காற்றடித்து, மறுபடி உறிஞ்சி, சீட்டை முன்னே தள்ளி, பின்னே தள்ளி, அந்த இரண்டு தண்டவாளத்துக்கு மட்டும் 35 நிமிடம். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் கறுப்பு. மொத்தம் இரண்டே கால் மணி நேரம். அதுவரை அந்த வேலைக்கு நான் வாங்கிக்கொண்டிருந்தது 600 ரூபாய்.

ஆரம்பத்தில் என்னென்ன சர்வீஸ் வைக்கலாம்?

ஐந்து போதும். ஃபோம் வாஷ், உள்புற முழு க்ளீனிங், பாலிஷ், செராமிக் கோட்டிங் (பெயிண்ட் மேல் தடவிக் காயவிடும் பாதுகாப்புப் பூச்சு), ஹெட்லைட் மஞ்சள் எடுப்பது. சில கடை போர்டில் முப்பது ஐட்டம் இருக்கும், ஓட்டல் மெனு மாதிரி. படித்து முடிப்பதற்குள் கஸ்டமர் "சும்மா கழுவி விடுங்க" என்று சொல்லிவிடுவார்.

ஹெட்லைட்டைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக், வெயிலில் மேல் பூச்சு செத்து மஞ்சளாகிறது. 800-இல் ஆரம்பித்து 1500, 2000, 3000 என்று ஈர எமரி தேய்த்துப் பாலிஷ் போட்டால் பளிச்சென்று ஆகும். ஆனால் அதன் மேல் யூவி தாங்கும் பூச்சு போடாவிட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சள். பூச்சையும் சேர்த்து விலை சொல்லுங்கள், இல்லையென்றால் அதே கஸ்டமர் அதே ஹெட்லைட்டோடு வந்து நிற்பார்.

ஃபோம் வாஷ் கட்டுப்படியாகவே இல்லையே, நிறுத்திவிடலாமா?

கணக்கைப் பார்ப்போம். வெளியே கழுவி, உள்ளே வாக்குவம் போட்டு, டேஷ்போர்டு துடைக்க ஒருவருக்கு 70 நிமிடம். 420 வீதம் 490 ரூபாய். ஷாம்பூ, டயர் டிரெஸ்ஸிங், துணித் தேய்மானம் 40. அடக்கமே 530. தெருவில் 350-க்குக் கழுவுகிறார்கள்.

நான் நிறுத்தவில்லை. 350-க்கும் இறங்கவில்லை. 600 என்று வைத்தேன், அந்த 600-க்கு என்ன வித்தியாசம் என்று கண்ணால் காட்டினேன். இரண்டு பக்கெட், ஒன்றில் ஷாம்பூ, ஒன்றில் கையுறை அலச வெறும் தண்ணீர். கார் கழுவி முடித்ததும் அலசிய பக்கெட்டின் அடியில் தங்கிய மணலை ஒரு கஸ்டமரிடம் காட்டி, "இது ஒரே பக்கெட்டா இருந்தா திரும்ப உங்க பானட் மேலதாங்க போயிருக்கும்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் தம்பி காரையும் அனுப்பினார்.

காலியாகக் கிடக்கும் செவ்வாய், புதன் மதியங்களுக்கு மட்டும் 450 என்று வைக்கலாம். அந்த நேரத்தில் ஆள் எப்படியும் சும்மாதான் உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமைக்குச் சலுகை கொடுப்பது மட்டும் பைத்தியக்காரத்தனம்.

ஸ்விஃப்ட்டுக்கும் ஸ்கார்ப்பியோவுக்கும் ஒரே விலையா?

இல்லை. மூன்று அளவு போதும். ஸ்விஃப்ட், வேகன்ஆர் போன்ற சின்ன கார்கள் ஒன்று. டிசையர், சிட்டி, பிரெஸ்ஸா, நெக்ஸான் இரண்டு. இன்னோவா, எக்ஸ்யூவி700, ஸ்கார்ப்பியோ மூன்று. இரண்டாவதற்கு 15 முதல் 20 சதவீதம், மூன்றாவதற்கு 40 சதவீதம்வரை கூடும். கூரை துடைக்க ஸ்டூல் போட வேண்டிய வண்டி மூன்றாவது வகை என்று பையன்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வாக்குவாதமே வருவதில்லை.

உள்புற க்ளீனிங்குக்கு ஒரே விலை சொல்ல முடியுமா?

சொல்லி மாட்டிக்கொண்டவன் நான். சாதாரண அழுக்குள்ள சின்ன கார் என்றால் ஐந்து மணி நேரம். 2,100 கூலி, 250 பொருள், அடக்கம் 2,350. இருபது சதவீதம் லாபம் வைத்தால் 2,820. போர்டில் 2,800 என்று எழுதியிருக்கிறேன், ஆனால் "ஆரம்ப விலை" என்ற சொல்லோடு.

ஏனென்றால் உள்ளே என்ன இருக்கும் என்று கதவைத் திறக்கும்வரை தெரியாது. ஊட்டி மலைப்பாதையில் குழந்தை வாந்தி எடுத்து, அப்பா டிஷ்யூவால் துடைத்து மேலே பெர்ஃப்யூம் அடித்திருப்பார். துடைத்தது மேலே மட்டும், மீதி ஸ்பாஞ்சுக்குள் இறங்கியிருக்கும். கல்யாண வீட்டுக்கு எடுத்துப்போன மாவுத் தூக்கு சாய்ந்திருக்கும். இட்லி மாவு தரைவிரிப்பின் கீழ் புளித்தால், வெயிலில் நிற்கும் காருக்குள் அது என்ன வாசனை என்பதை எழுதிப் புரியவைக்க முடியாது. பால் கொட்டியதும் அப்படித்தான். இதற்கெல்லாம் சீட்டைக் கழற்ற வேண்டும், தரைவிரிப்பைத் தூக்க வேண்டும், என்சைம் போட்டு ஊறவிட வேண்டும், ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். காயாமல் கொடுத்தால் பூஞ்சை வரும், பழி நம் மேல் வரும்.

அதனால் வாந்தி, பால், மாவு, மீன் தண்ணீர், நாய் முடி எல்லாவற்றுக்கும் தனிக் கட்டணம் உண்டு என்று போர்டிலேயே எழுதிவிடுங்கள். வேலையை ஆரம்பித்த பிறகு கூடக் கேட்டால் கொள்ளை என்பார்கள். முன்னாலேயே எழுதியிருந்தால் அதுவே ரேட்.

இன்னொரு சங்கதி: சீட் கவர் "லெதர்" என்று கஸ்டமர் சொல்வார். தொட்டுப் பார்த்தால் பத்தில் ஒன்பது ரெக்சின். லெதர் கண்டிஷனர் செலவு அங்கே வேண்டாம்.

ரப்பிங் பாலிஷ் கேட்கிறார்கள். அதற்கு எப்படி விலை?

பெயிண்ட்டை அளக்காமல் விலை சொல்லாதீர்கள். கம்பெனியில் அடித்த பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதில் மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் 40 மைக்ரான் சுமாருக்கு, தலைமுடியின் தடிமன்கூட வராது. நாம் பளபளப்பு என்று சொல்வது அந்த மெல்லிய அடுக்கைக் கொஞ்சம் சீவி எடுப்பதைத்தான். ஒவ்வொரு கனமான ரப்பிங்கும் சில மைக்ரானைத் தின்றுவிடும். வருடா வருடம் "ரப்பிங் போடுங்க" என்று வருகிறவருக்கு ஐந்தாவது வருடம் போட ஒன்றும் மிச்சமிருக்காது.

அளக்கும் கருவி ஒன்று வாங்குங்கள். ஒரு கதவில் 110, அடுத்ததில் 260 காட்டினால் அது மறுபடி பெயிண்ட் அடித்த கதவு. ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி இருக்கிறது. பிளாஸ்டிக் பம்பரில் இந்தச் சாதாரணக் கருவி வேலை செய்யாது. அங்கே கையைக் கட்டிக்கொண்டு நிதானமாகப் போக வேண்டியதுதான்.

விலையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரே சுற்றில் லேசான வட்டக் கீறல்களைக் குறைப்பது ஒன்று. கம்பவுண்டு என்ற தேய்க்கும் பசை, பிறகு ஃபினிஷிங் என்று இரண்டு சுற்று போடுவது இன்னொன்று, ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம். நகத்தால் நெருடினால் நகம் மாட்டும் கீறல் இரண்டிலுமே போகாது. அதைப் பணம் வாங்குவதற்கு முன் சொல்லுங்கள், முடிந்தால் அவர் நகத்தை வைத்தே நெருடிக் காட்டுங்கள்.

செராமிக் கோட்டிங்குக்கு ஒரு கடையில் 8,000, இன்னொரு கடையில் 30,000. எது நியாயம்?

பாட்டில் ஒன்றாகவே இருக்கலாம். அதற்கு முன் செய்த வேலைதான் வித்தியாசம். சின்ன காருக்கு என் கணக்கு இது. கழுவுவது, இரும்புத் துகள் எடுக்கும் திரவம் அடிப்பது, களிமண் கட்டி தேய்ப்பது எல்லாம் 3 மணி நேரம். பாலிஷ் 7. ஆல்கஹால் கலவையால் துடைத்துக் கோட்டிங் போட 3. லைட் அடித்துச் சரிபார்க்க 1. ஆக 14 மணி நேரம், 5,880 ரூபாய். கோட்டிங் பாட்டில் 3,500. பேட், கம்பவுண்டு, துணி 900. மொத்தம் 10,280. திரும்பச் சரிசெய்யும் செலவுக்குப் பத்து சதவீதம் ஒதுக்கினால் 11,308. அதன் மேல் இருபது சதவீதம் லாபம், 13,570. நான் 13,500 என்று சொல்கிறேன். எண்ணாயிரத்துக்குப் போடுகிறவர் அந்த ஏழு மணி நேரப் பாலிஷை விட்டிருப்பார். கீறலோடு சேர்த்துக் கண்ணாடி போட்டு மூடியது மாதிரி ஆகிவிடும் அது.

"9எச்" என்ற சொல்லை வைத்து மிரட்டி விற்காதீர்கள். அது பென்சிலால் கீறிப் பார்க்கும் கடினத்தன்மைச் சோதனை, அவ்வளவுதான். லாரி டயர் தெறிக்கும் ஜல்லிக்கு அது தெரியாது. தண்ணீர் ஒட்டாது, அழுக்கு எளிதில் போகும், பறவை எச்சமும் மரப்பாலும் பெயிண்ட்டை அரிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தும் ஆளுக்கு இது பெரிய உதவி. இதைச் சொல்லியே விற்கலாம்.

இராத்திரி முழுக்க ஷெட்டில் இடத்தை அடைக்கும் வேலை என்பதால் முன்பணம் பாதி வாங்குங்கள். ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது, ஒரு வாரம் ஷாம்பூ வேண்டாம் என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். உப்புத் தண்ணீர் போர் உள்ள வீட்டில் கழுவிவிட்டு வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி வரும் என்பதையும் எழுதுங்கள். கோவையில் குழாயில் சிறுவாணி வந்தாலும் கார் கழுவ எல்லோரும் போர் தண்ணீரைத்தான் திறக்கிறார்கள்.

பிபிஎஃப் (பெயிண்ட் மேல் ஒட்டும் பாதுகாப்பு பிளாஸ்டிக் ஷீட்) வைக்கலாமா?

இரண்டு வருடம் போகட்டும். ஒட்டும்போது ஒரு பானட் ஷீட் கிழிந்தால் அந்த மாத லாபம் போச்சு. அதுவரை கேட்கிறவரைத் தெரிந்த இடத்துக்கு அனுப்பி வையுங்கள்.

ஆயுத பூஜை, பொங்கலுக்குக் கூட்டம் அள்ளுகிறது. அப்போது விலை ஏற்றலாமா?

வழக்கமாக வருகிறவர்களுக்கு நான் ஏற்றுவதில்லை. அதற்குப் பதிலாக அந்த மூன்று நாளுக்குக் கழுவுவது மட்டும்தான், டோக்கன் முறையில். பாலிஷ், கோட்டிங் எதையும் எடுப்பதில்லை. வாசலில் இருபது கார் நிற்கும்போது ஒருவர் பாலிஷ் மெஷினோடு மூலையில் நின்றால் இரண்டு வேலையும் கெடும்.

பூஜைக்கு அடுத்த நாள்தான் உண்மையான வேலை வருகிறது. வெள்ளைக் காரின் பானட்டில் சந்தனம், மஞ்சள், குங்குமம், அதன் மேல் சூடம் காட்டிய கரி. மஞ்சள் கறையைப் பார்த்துப் பதறித் தேய்க்கிறார்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. கழுவிவிட்டு நாலைந்து நாள் வெயிலில் ஓட்டினால் பெரும்பாலும் தானே வெளுத்துவிடும். சாயம் கலந்த குங்குமம்தான் விடாது, அதற்குக் கையால் லேசாகப் பாலிஷ் போட வேண்டும். மஞ்சளுக்குக் காசு வாங்காமல் இந்த யோசனையைச் சொல்லி அனுப்பினேன். அப்படிப் போனவர்களில் இரண்டு பேர் தீபாவளிக்கு முன் கோட்டிங் போட வந்தார்கள்.

கெமிக்கல் செலவை எப்படிக் கட்டுப்படுத்துவது?

அளவு பாட்டில். வேறு வழியில்லை. உள்புற க்ளீனர் ஒன்றுக்குப் பத்து தண்ணீர் என்று கேனில் எழுதியிருக்கும். பையன்கள் கைக்கணக்கில் ஊற்றினால் ஒன்றுக்கு மூன்றாகிவிடும். செலவு மூன்று மடங்கு என்பது ஒரு பக்கம், டேஷ்போர்டில் வெள்ளைத் திட்டு விழுவது இன்னொரு பக்கம். காலையில் நானே கலந்து, தேதி எழுதிய பாட்டிலில் வைத்துவிடுகிறேன். கேனைப் பூட்டி வைத்துவிடுவேன்.

ஜிஎஸ்டி எப்போது எடுக்க வேண்டும்? விலையில் சேர்ப்பதா, தனியாகவா?

சேவைத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் நிதியாண்டில் மொத்த பில் தொகை (லாபம் அல்ல) 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். மாதம் 1,66,000-ஐ நெருங்கும்போதே ஆடிட்டரைப் பாருங்கள். நம் வேலைக்கு வரி 18 சதவீதம்.

போர்டில் வரி உட்பட ஒரே விலையாகப் போடுவதுதான் நல்லது. கடைசியில் "பிளஸ் ஜிஎஸ்டி" என்றால் கஸ்டமர் முகம் மாறிவிடும். ஆனால் அப்போது உங்கள் கைக்கு வருவது குறையும் என்பதை மறக்காதீர்கள். 2,800-இல் உங்களுக்கு 2,373, வரி 427. மேலே போட்ட லாபம் 450 ரூபாயில் அது அப்படியே போய்விடும். பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் சம்பளத்துக்கு வரி இல்லை, கழிக்கவும் ஒன்றுமில்லை. அதனால் பதிவு எடுப்பதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே விலையை மெதுவாக ஏற்றிவிடுங்கள்.

50 லட்சம் வரை சேவைத் தொழிலுக்கு 6 சதவீத காம்போசிஷன் முறையும் இருக்கிறது, அதாவது மொத்த பில் தொகையில் அந்தச் சதவீதத்தை நீங்களே கட்டுவது. அதில் கஸ்டமரிடம் வரி என்று தனியாக வாங்க முடியாது, பொருளுக்குக் கட்டிய வரியையும் திரும்பக் கழிக்க முடியாது. கூலியே பெரும்செலவாக உள்ள சின்னக் கடைக்கு இது பல நேரம் ஒத்துவரும். அலுவலகக் கார்கள் அதிகம் வந்தால் ஒத்துவராது, அவர்கள் வரி பில் கேட்பார்கள்.

வாட்ஸ்அப்பில் "ரேட் என்ன?" என்று மட்டும் கேட்கிறார்கள். என்ன பதில் அனுப்புவது?

ஒற்றை எண்ணை அனுப்பினால் அதை நாலு கடை எண்ணோடு ஒப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். நான் அனுப்புவது இதுதான்:

"வணக்கம்ங்க. என்ன கார், எந்த வருஷம்னு சொல்லுங்க. பானட்டை வெயில்ல வெச்சு ஒரு போட்டோ, டிரைவர் சீட் ஒரு போட்டோ, பின் சீட் தரை ஒரு போட்டோ அனுப்புங்க. உங்க வண்டிக்கு என்ன தேவை, எவ்வளவு ஆகும், எத்தனை மணிக்குத் திரும்பக் கிடைக்கும்னு பார்த்துச் சொல்றேன்."

பாதிப் பேர் பதில் போடமாட்டார்கள். போடுகிற மீதிப் பேர்தான் வருகிறவர்கள்.

"முதல் போணி, பார்த்துப் போடுங்கண்ணா" என்று பேரம் பேசினால்?

விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். "2,200-தான் இருக்குங்களா, சரிங்க. ரூஃப் லைனிங்கும் டிக்கியும் விட்டுட்டு மீதியை முழுசா செஞ்சு தரேன்" என்று சொல்லுங்கள். பாதிக்கு மேல் "இல்லைங்க, எல்லாமே பண்ணிடுங்க" என்பார்கள். அதே வேலையை அதே நாளில் குறைத்துக் கொடுத்தால், நேற்று முழுவிலை கொடுத்த ஆளை ஏமாற்றியதாகிவிடும். கோவை மாதிரி ஊரில் அந்த இரண்டு பேரும் ஒரே கல்யாணத்தில் சந்திப்பார்கள்.

ஷோரூம், டாக்ஸி, அப்பார்ட்மென்ட் வேலை எடுக்கலாமா?

மூன்றும் மூன்று விதம். டாக்ஸிக்காரர்கள் விலை குறைத்துத்தான் கேட்பார்கள், ஆனால் வார நாளில் வருவார்கள். காலியான மதியத்தை நிரப்ப நல்லது, மாதக் கணக்கு வைத்துக் கடன் மட்டும் கொடுக்காதீர்கள். அப்பார்ட்மென்ட்டுக்குப் போய்ச் செய்வதென்றால் போகவர நேரத்தையும் 420-இல் கணக்கிடுங்கள். ஒரே வளாகத்தில் ஒரு காலையில் மூன்று கார் கிடைத்தால்தான் நான் கிளம்புவேன்.

ஷோரூம் வேலை ஆசை காட்டும். ஓர் இடத்தில் புதுக் கார்களுக்குக் கோட்டிங் போட என்னைக் கூப்பிட்டார்கள். கஸ்டமரிடம் வாங்கியது என் விலைக்கு இரண்டு மடங்கு, எனக்குத் தருவதாகச் சொன்னது என் அடக்கத்துக்கும் கீழே. "காலையில் நாலு டெலிவரி, முகூர்த்த நாள், பத்து மணிக்குள் முடிக்கணும்" என்றும் சொன்னார்கள். ஒரு காருக்குப் பதினாலு மணி நேர வேலையை எப்படி நாலு காருக்குப் பத்து மணிக்குள் முடிப்பது? நான் போகவில்லை. பணமும் மூன்று மாதம் கழித்துத்தான் வருமாம்.

நம் கையால் சேதம் ஆனால் அந்தச் செலவு எந்தக் கணக்கில்?

விலைக்குள்ளேயே இருக்க வேண்டும், அந்தப் பத்து சதவீதம் அதற்காகத்தான். முதல் வருடம் ஒரு கறுப்பு செடானின் பானட் விளிம்பில் ரோட்டரி மெஷினை ஒரு நொடி கூடுதலாக வைத்தேன். விளிம்பில்தான் பெயிண்ட் மெலிந்திருக்கும். கிளியர் கோட் போய், கறுப்பும் போய், சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. கஸ்டமர் வருவதற்குள் நானே போன் பண்ணிச் சொன்னேன். பானட் பெயிண்ட்டுக்கு 6,500 கொடுத்தேன். அன்று நான் அந்தக் காருக்கு வாங்க வேண்டிய கூலி 4,000. இப்போது விளிம்பெல்லாம் டேப் ஒட்டாமல் மெஷின் ஆன் ஆகாது.

காரை வாங்கும்போதே கஸ்டமர் பக்கத்தில் நிற்க, சுற்றிலும் வீடியோ எடுங்கள். உள்ளே கிடக்கும் சில்லறை, பேனா, தோடு எல்லாவற்றையும் ஒரு ஜிப் கவரில் போட்டு அவர் கண் முன்னே கிளவ் பாக்ஸில் வையுங்கள்.

எந்த வேலைக்கு முடியாது என்று சொல்ல வேண்டும்?

டீசல் வாஷ் இன்னும் சிலர் கேட்கிறார்கள், அடியில் டீசல் அடித்தால் பளபளக்கும் என்று. ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊதிப்போகும். செய்வதில்லை. இன்ஜின் ரூமில் பிரஷர் கன் அடிப்பதும் இல்லை, துணியும் பிரஷ்ஷும்தான். மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற ஒயர் தெரிந்தால் அது உயர் மின்னழுத்தம், பையன்கள் அந்தப் பக்கம் கையே வைக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எப்போது விலையை ஏற்றலாம்?

சனி, ஞாயிறு இரண்டு வாரத்துக்கு முன்பே நிரம்பிவிட்டால் ஏற்றலாம். பழைய கஸ்டமருக்கு ஒரு மாதம் முன்பே மெசேஜ் போடுங்கள், இந்த மாதம் பழைய விலை என்று. ஒருமுறை அப்படிப் போட்டதில் அந்த மாதம்தான் எனக்கு அதிக வேலை வந்தது.

காருக்குள் எலி செத்துக் கிடந்தால் என்ன ரேட்?

இந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள், ஆனால் மழைக்காலத்தில் மாதம் ஒன்றாவது வரும். தேடும் நேரத்துக்கு மணிக்கு 500, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். முதலில் ஏசி ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், பல நேரம் அங்கேதான் கூடு கட்டியிருக்கும். பிறகு பேட்டரி அடியில். எடுத்துப் போட்ட பையனுக்கு அன்று நான் தனியாக நூறு ரூபாய் கொடுப்பேன், அது கஸ்டமர் பில்லில் வராது.